ஐந்தாம் வார்த்தை

"என்னை ஏன் அங்கே அனுப்புகிறீர்கள், அம்மா?" என்று ஏசாயா கேட்டான்.

போதகர் கிருபாவதி அம்மா பெரிய கோயிலில் மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கே?"

"காது கேளாதோர் விடுதிக்கு. பெரிய வெள்ளியன்று, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஒன்றை எனக்குக் கொடுப்பீர்கள் என்று இருந்தேன்."

"கொடுத்திருக்கிறேனே. ஐந்தாம் வார்த்தை. 'தாகமாயிருக்கிறேன்.'"

"அங்கே அதைச் சொன்னால் யாருக்குக் கேட்கும்?"

ஏசாயா போதகராகப் பயிற்சி பெறுகிறவன். அவனுக்கு அப்படி ஒரு குரல். அவன் ஜெபிக்க வாய் திறந்தால், எதிர்ச் சாரி டீக்கடையில் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். அதற்காக அவன் பாடுபட்டதில்லை. மூக்கு வந்ததுபோலக் குரலும் கூடவே வந்தது.

"ஆண்டவர் கொடுத்த தாலந்தை மண்ணில் புதைக்கச் சொல்கிறீர்கள்" என்றான்.

"உவமையில் அந்தத் தாலந்துக் காசைப் புதைத்த வேலைக்காரன் கடைசியில் எஜமானிடம் எவ்வளவு கொடுத்தான்?"

"வாங்கினதை அப்படியே கொடுத்தான்."

"உன் குரல் போன வருஷம் எப்படி இருந்தது?"

"இப்படியேதான்."

அம்மா ஒயரை முடிச்சுப் போட்டு ஆணியில் மாட்டினார்.

"போய் வா. பெரிய வெள்ளி முடிந்ததும் என்னிடம் வா. அப்போதும் பிடிக்காவிட்டால், ஈஸ்டர் அன்றைக்கு இந்த மைக் உனக்குத்தான்."

விடுதியில் தையல் சொல்லிக்கொடுத்த பூரணம் அக்கா அவனுக்குச் சைகை மொழி கற்றுக்கொடுத்தார். அவருக்கும் காது கேட்காது.

'அப்பம்' என்று காட்டச் சொன்னால் ஏசாயாவின் விரல்கள் வேறெதையோ காட்டும். விடுதியே சிரிக்கும்.

"தம்பி, உன் கைகள் தூக்கத்தில் உளறுகின்றன" என்று அக்கா சைகையில் சொன்னார். அதையும் அவர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

'என் குரலை நீங்கள் கேட்டிருந்தால் இப்படிச் சிரிக்க மாட்டீர்கள்' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான்.

அக்கா படித்தார். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் சட்டைக் கழுத்துக்கு அளவு வரைந்து வெட்டிக்கொண்டார்.

நாள் நெருங்க நெருங்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் தன் தொடைமேல் விரல்களைப் பழக்கினான். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார்.

'ஆண்டவரே, நீர் கொடுத்ததை விட்டுவிட்டு, கொடுக்காததை அல்லவா கேட்கிறார்கள்' என்று ஜெபித்தான்.

தன்னைப் பார்த்துச் சிரித்தால் போகட்டும். அந்த வார்த்தையைப் பார்த்துச் சிரித்துவிட்டால்?

பெரிய வெள்ளி வந்தது. விடுதியின் சிற்றாலயம் நிறைந்திருந்தது. நல்ல வெயில்.

ஏசாயா பீடத்தின் முன் நின்றான். கைகளைத் தூக்கினான்.

எல்லாம் மறந்துபோயிற்று.

எத்தனை முகங்கள். எல்லாம் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தன. நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டது. உதட்டைத் திறந்தான், மூடினான். ஒரு கை தானாகத் தொண்டைக்குப் போய் அங்கேயே நின்றது.

யாரும் சிரிக்கவில்லை.

கடைசி வரிசையில் ஒரு முதியவர் மெதுவாகத் தன் தொண்டையைத் தொட்டார்.

பூரணம் அக்கா எழுந்து வெளியே போனார். செம்பு நிறையத் தண்ணீரோடு திரும்பி வந்து, எல்லாருக்கும் முன்னால் அதை அவனிடம் நீட்டினார்.

சாயங்காலம் ஏசாயா பெரிய கோயிலுக்கு வந்தான். அம்மா விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒன்றுமே சொல்லவில்லை, அம்மா. எல்லாம் மறந்துவிட்டது."

"அவர்கள் என்ன செய்தார்கள்?"

"தண்ணீர் கொண்டுவந்தார்கள்."

"குடித்தாயா?"

"குடித்தேன்."

அம்மா ஆணியில் கிடந்த ஒயரை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"சொன்ன சொல் சொன்னதுதான். ஈஸ்டருக்குக் கோயில் நிறைந்திருக்கும்."

ஏசாயா ஒயரை வாங்கினான். பிறகு அதை ஆணியிலேயே மாட்டினான்.

"'உயிர்த்தெழுந்தார்' என்பதற்கு எனக்கு இன்னும் கை படியவில்லை, அம்மா" என்றான். "விடுதிக்குப் போகிற பஸ் போய்விடும். நான் வருகிறேன்."