பதறியபோது வந்த பெயர்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது எங்கள் ஊர் பால்வாடியில் சமைத்த சிகாமணி அக்கா. என் சின்ன மகள் பால்வாடிக்குப் போகமாட்டேன் என்று அழுது அடம்பிடித்த ஐப்பசி மாதம், நானும் அவளோடு பத்து நாள் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். அக்கா பருப்புக் கடைந்துகொண்டே சொன்னார். கடவுள் அவரை நன்றாக வைத்திருக்கட்டும்.

வெகு காலத்துக்கு முன்னால் மருதஞ்சீமையைக் குமரவேழன் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் காலையில் யானை மேல் ஆசை, மத்தியானம் கிளி மேல் ஆசை. நினைத்தது உடனே நடக்க வேண்டும்.

ஒரு நாள் அவனுக்குத் திடீரென்று தோன்றியது. "கொள்ளைநோயில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை யாரோ வளர்க்கிறார்களாமே! அந்தப் புண்ணியவானுக்குத் தங்கக் காப்பு. பிள்ளைகள் என்றைக்கும் அவர் பொறுப்பு என்று செப்பேடும் எழுதித் தருகிறேன்" என்று பறையறைந்து அறிவிக்கச் சொன்னான்.

சபையில் விசையராயர் என்று ஒருவர். மந்திரி தீத்தாரப்பரைக் கண்டாலே வயிறெரிகிறவர். அவருடைய பெரிய மாட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளக் கூலி கேட்காத கைகள் வேண்டியிருந்தன. நாலாம் நாளே பதினெட்டுப் பிள்ளைகளோடு வந்து நின்றார்.

"யார் கண்ணுகளா உங்களை வளர்த்தது?" என்று ராஜா கேட்டான்.

"ராயர் அப்பா... எங்களை... வளர்த்தார்" என்று பதினெட்டும் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொல்லின.

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கொண்டு வாருங்கள் செப்பேட்டை!"

"தீத்தாரப்பரே, உமக்கு வருமா இப்படி ஒரு மனசு?" என்று ராயர் குத்தினார்.

"வராது ராயரே. பதினெட்டுப் பேருக்கு ஒரே ராகத்தில் பேசச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாதே" என்ற மந்திரி, மெல்ல எழுந்து போய் வாசலில் நின்ற வேலைக்காரியின் காதில் ஏதோ சொன்னார்.

கொஞ்ச நேரத்தில், பிள்ளைகளுக்குப் பின்னால் ஒரு பெரிய வெண்கல அண்டா கல்தரையில் விழுந்தது. டமார்!

"அம்மா!" என்று துள்ளினார் ஏழு போர் கண்ட தளபதி. "ஐயோ அம்மா!" என்றார் ராயர். ராஜாவே "யம்மாடி!" என்று சிம்மாசனத்தில் காலைத் தூக்கிக்கொண்டான். பிள்ளைகள் மட்டும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு, "குருவக்கா! குருவக்கா!" என்று அலறின.

"மந்திரி! என்ன விளையாட்டு இது?"

"பொறுக்கணும் மகாராஜா. இத்தனை மீசை உள்ள சபையில் எல்லார் வாயிலும் அம்மாதான் வந்தாள். இந்தப் பிள்ளைகள் வாயில் அம்மாவும் வரவில்லை, ராயர் அப்பாவும் வரவில்லை. யார் அந்தக் குருவக்கா?"

"சின்னப் பிள்ளைகள், பயத்தில் ஏதோ உளறுகின்றன!" என்றார் ராயர்.

"உளறல்தான் ராயரே. உளறலைச் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவர முடியாதே!"

சபையில் ஒருவருக்கும் குருவக்காவைத் தெரியவில்லை. கடைசியில் அண்டாவைப் போட்ட வேலைக்காரிதான் தயங்கிச் சொன்னாள்.

"நம்ம அரண்மனைக்கு நெல்லு குத்துற குருவம்மா, சாமி. ஏழு வருசமா கூலியாக் கிடைக்கிற நொய்யில கஞ்சி காய்ச்சித்தான் இதுங்களை வளக்குறா. உலக்கைச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்குதுன்னு கொட்டகையை யானை கட்டுற இடத்துக்குப் பின்னால தள்ளச் சொன்னீங்களே, அங்கதான் குத்துவா. இப்பக் காய்ச்சல்ல கிடக்கா. அரசக் கட்டளைன்னு சொல்லி ராயர் ஆளுங்க பிள்ளைகளை இழுத்துட்டு வந்தாங்க."

ராஜா பல்லக்குக்குக் காத்திருக்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்தே போனான்.

குடிசைக்குள் ராஜாவைக் கண்டதும் குருவம்மா எழப் பார்த்தாள், முடியவில்லை. படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நொய்யைத்தான் சாமி எடுத்தேன். முழு அரிசி ஒண்ணுகூட எடுக்கல. பிள்ளைகளைத் தண்டிச்சிடாதீங்க."

ராஜா அவள் பாயருகே உட்கார்ந்தான். காப்பை அவள் கையில் போட்டான். மெலிந்த கை, அது நழுவிப் பாயில் விழுந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"இதுங்க சாப்பிட்டுச்சா சாமி?"

"இனி இவர்களுக்கு முழு அரிசிதான், அம்மா. அரண்மனை பார்த்துக்கொள்ளும்" என்றான் ராஜா, தலையைக் குனிந்தபடி.

ஒன்பதாம் நாள் அவள் கண்ணை மூடினாள்.

அவள் பிடித்த உலக்கையை ராயர் கையில் கொடுத்து, ஒரு வருஷம் அந்தப் பிள்ளைகளுக்கு நெல் குத்தச் சொன்னான் ராஜா. மந்திரியின் புத்திக்குத் தன் மோதிரத்தையே கழற்றி நீட்டினான். மந்திரி கை நீட்டவில்லை.

"நானும் ஏழு வருஷம் அந்த உலக்கைச் சத்தத்தைக் கேட்டவன்தான் மகாராஜா. ராயர் மட்டும் பொய் சொல்லாமல் இருந்திருந்தால், அவள் யாரென்று நான் கேட்டிருக்கவே மாட்டேன்."

இவ்வளவுதான் கதை. உங்கள் தெருவிலும் ஊரார் பிள்ளைகளுக்காக ஓடித் திரிகிறவர் ஒருவர் இருப்பார். இந்த வாரமே அவர் வீடு வரைக்கும் போய், "நன்றாயிருங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.