நாலு சக்கரமும் சூடு

மலைமேல் ஒரு சின்ன மடம். அதை நடத்தியவர் உலகம்மை அம்மா. அவருக்கு நாற்பது வயது இருந்தால் அதிகம். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த ஆவுடையப்பனோ அறுபதைத் தாண்டியவர். ஆயுசில் பாதியை மலைப்பாதையில் பஸ் ஓட்டியே கழித்தவர். வயதில் இளையவரை அவர் அம்மா என்று கூப்பிடுவார். அம்மா அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டே பாடம் சொல்வார். மடத்தில் யாருக்கும் அது வேடிக்கையாகப் படவில்லை.

மடத்தின் சமையல்கட்டும் பழைய வேனும் ஆவுடையப்பன் பொறுப்பில் இருந்தன.

அன்று பிரமுவுக்கு வளைகாப்பு. தாய் தகப்பன் இல்லாமல் மடத்தில் வளர்ந்த பெண். கீழே ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தாய்வீட்டுக் கட்டுச்சோறு மடத்திலிருந்துதான் போயாக வேண்டும். உச்சிப்பொழுதுக்கு முன்னால் போய்ச் சேராவிட்டால் நிறைசபையில் அந்தப் பெண், தாய்வீட்டிலிருந்து ஒரு பிடி சோறுகூட வராதவளாக உட்கார்ந்திருப்பாள்.

விடிந்ததும் விடியாததுமாகப் புளியோதரை, எள்ளுசாதம், தேங்காய்ச்சாதம், தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் தயாராகிவிட்டன. சமையல்கட்டுப் பெண்கள் நாலு பேரும் மூடிகளைத் துணியால் கட்டினார்கள். ஆவுடையப்பன் ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்து மறுபடி கட்டினார்.

கட்டி முடித்துவிட்டு அம்மாவிடம் வந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"இசக்கிக்கு வாய் நீளம். செண்பகத்துக்குக் கை மந்தம். கோமுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுதா. இந்தப் பேச்சி, நான் உள்ள வந்தாலே அடுப்பைப் பாத்துத் திரும்பிக்கிடுதா. நாலு பேரையும் எப்படித் திருத்துறது?"

அம்மா எள்ளுசாதப் பாத்திரத்தின் ஒரு காதைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் பிடிங்க. ஏத்திட்டுப் பேசுவோம்."

ஏற்றினார்கள். அதன்பிறகு அம்மா அதைப் பற்றிப் பேசவில்லை.

வேன் புறப்பட்டது. முன்னால் அம்மா. பின்னால் பாத்திரங்களுக்கு நடுவே நாலு பெண்களும்.

"செண்பகம், தயிர்சாதத்தைப் பிடி," என்றார் ஆவுடையப்பன், திரும்பாமல்.

"பிடிச்சுக்கிட்டுத்தான் அண்ணாச்சி இருக்கேன்."

"கோமு, அந்த மூடி ஆடுது பாரு."

"மூடி ஆடல. வண்டிதான் ஆடுது," என்றாள் இசக்கி. "வளைகாப்புக்குப் போறதுக்குள்ள எங்களுக்கே பிரசவம் ஆயிரும் போல."

சிரிப்பு எழுந்தது. ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரமாகவே வண்டி இழுக்க மாட்டேன் என்றது. மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கினார். அப்புறம் ஒன்றுக்கு. தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சமதளத்தில், இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேன் முனகி நின்றுவிட்டது. பிரேக் லைனர் கருகிய வாடை மூக்கைத் துளைத்தது.

"நியூட்ரல்ல போட்டிருக்கேன். இறங்கித் தள்ளுங்க."

நாலு பேரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினார்கள். வண்டி அசையவில்லை.

"அண்ணாச்சி, நீங்க இறங்கினாலாவது கனம் கொஞ்சம் குறையும்," என்றாள் இசக்கி.

அவர் இறங்கினார். ஒரு தம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நேராக இடது பின்சக்கரத்துக்குப் போனார். ரெண்டு சொட்டை பிரேக் டிரம் மேல் தெளித்தார். 'சொய்ங்' என்றது.

"நான் சொல்லல? இதுதான். போன ஆடியிலயே எண்ணெய் கசிஞ்ச சக்கரம். இதோட குணமே சரியில்ல. கழட்டித்தான் ஆகணும்."

"கழட்ட எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டாள் கோமு.

"சாயங்காலம் ஆயிரும்."

கோமுவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்தப் புள்ள வாசலையே பாத்துக்கிட்டு இருக்குமே அண்ணாச்சி."

ஆவுடையப்பன் ஜாக்கியைத் தேடினார். அம்மா அவர் கையிலிருந்த தம்ளரை வாங்கி வலது பின்சக்கரத்தில் ரெண்டு சொட்டு விட்டார். அதுவும் 'சொய்ங்' என்றது. தம்ளரை இசக்கியிடம் நீட்டி, முன்பக்கம் கண்ணைக் காட்டினார்.

"இங்கயும் சொய்ங்குது அண்ணாச்சி!" என்று ஒரு பக்கத்திலிருந்து கத்தினாள் இசக்கி.

தம்ளர் கைமாறியது. "இங்கயும்தான்," என்றாள் பேச்சி, மறுபக்கத்திலிருந்து.

ஜாக்கியோடு நிமிர்ந்தவர் அப்படியே நின்றார்.

"என்ன அண்ணாச்சி?" என்றார் அம்மா.

"நாலும் ஒண்ணு போல சுடுது அம்மா."

"அப்போ எந்தச் சக்கரத்தைக் கழட்டணும்?"

ஒரு சக்கரம் மட்டும் சுட்டால் நோய் அந்தச் சக்கரத்தில். நாலும் சுட்டால் சக்கரத்தின் பக்கமே போக வேண்டியதில்லை. இது அவருக்குத் தன் பெயரைப் போலத் தெரிந்த விஷயம். மெல்லத் திரும்பி, டிரைவர் சீட்டுக்குக் கீழே, தான் கால் வைக்கும் இடத்தைப் பார்த்தார்.

போன வாரம் அவரேதான் அங்கே ஸ்பேனரோடு குனிந்தார். பிரேக்கை மிதித்தால் ஒரு விரற்கடை சும்மா இறங்கி, அதற்கப்புறம்தான் பிடிக்கும். அந்த விரற்கடை அவருக்குப் பிடிக்கவில்லை. தாய்வீட்டுச் சோறு போகிற வண்டி. தொட்டதும் பிடிக்க வேண்டாமா? பெடலிலிருந்து போகிற கம்பியை முறுக்கி நீட்டி, அந்த இடைவெளியை ஒழித்துக்கட்டினார். மிதிக்கும்போது சக்கரங்களுக்குப் போன பிரேக் எண்ணெய் அந்த இடைவெளி இருந்தால்தான் திரும்பி வரும். இப்போது போனது போனதுதான். அவர் காலை எடுத்தாலும், கால் எடுத்த சேதி சக்கரங்களுக்குப் போய்ச் சேரவில்லை.

ஜாக்கியைக் கீழே வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார். டிரைவர் பக்கக் கதவு வழியாக மல்லாந்து பெடலுக்கு அடியில் நுழைந்தார். முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளியே தொங்கியது.

"அண்ணாச்சி பாதத்தைப் பாத்தா விழுந்து கும்பிடத் தோணுது," என்றாள் இசக்கி.

"கும்பிட்டுக்கோ. இனி எப்பவும் கிடைக்காது," என்றது உள்ளேயிருந்து வந்த குரல்.

நட்டு இளகியது. கம்பியைத் திருப்பினார். மேலே எண்ணெய் டப்பாவில் 'களுக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"இப்பத் தள்ளுங்க பாப்போம்!"

முன்பு தள்ளிய அதே வேகத்தில் நாலு பேரும் மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். வண்டி கயிறு அறுத்த கன்றைப் போல ஓடியது, ஆவுடையப்பனின் காலோடு.

"ஏ, நிறுத்துங்கட்டி! நான் உள்ள கிடக்கேன்!"

கையாலேயே பெடலை அமுக்கினார். அது சும்மா கொஞ்சம் இறங்கி, அப்புறம் பிடித்தது. வண்டி நின்றது. பின்னால் நாலு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். தலையெல்லாம் தூசியாக வெளியே வந்த ஆவுடையப்பனைப் பார்த்துப் பேச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு முன்பல் ரெண்டும் சற்றே தூக்கலாக, அழகாக இருக்கும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அவரும் சிரித்துவிட்டார்.

சக்கரங்களைக் கொஞ்சம் ஆறவிட்டுப் புறப்பட்டார்கள். இறக்கத்தில் வளைவுக்கு வளைவு பாத்திரங்கள் கடகடத்தன. ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். கண்ணாடியில் பார்த்தார். செண்பகம் தயிர்சாதத்தை ரெண்டு கையாலும், போதாததற்கு முழங்காலாலும் அணைத்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டார். மூன்றாவது வளைவில் இசக்கி குலவையிட்டுப் பார்த்தாள். மற்ற மூவரும் சேர்ந்துகொண்டார்கள். ஊர் எல்லை வரை அது ஓயவில்லை.

குலவை கேட்டுத்தான் பிரமு வாசலுக்கு ஓடி வந்தாள். மாமியார், "மெதுவாட்டி, மெதுவா!" என்று பின்னாலேயே வந்தார்.

"எங்க வீட்டுல இருந்து வந்தாச்சு அத்தை!" என்றாள் பிரமு, தெருவே கேட்கும்படி.

உச்சிக்கு இன்னும் நேரம் இருந்தது. நாலு பெண்களும் அவள் கை நிறைய வளையல் பூட்டினார்கள். பந்தியில் ஆவுடையப்பன் இலையில் புளியோதரை விழுந்தது. ஒரு வாய் எடுத்தார். வாளியோடு நின்ற கோமு மூச்சுவிடவில்லை.

"என்ன அண்ணாச்சி, உப்பா?"

"இன்னும் கொஞ்சம் வை."

சாப்பிட்டு முடித்து, கிணற்றடியில் அம்மாவும் அவரும் கை கழுவினார்கள்.

"இறக்கத்துல எனக்குப் பயமாத்தான் இருந்தது அம்மா. கம்பியை ரொம்ப விட்டுட்டேனோன்னு."

"எவ்வளவு விட்டீங்க?"

"ஒரு விரற்கடைதான்."

"மிதிக்கும்போது அந்த விரற்கடையில என்ன இருக்கு?"

ஆவுடையப்பன் யோசித்தார். "ஒண்ணும் இல்ல அம்மா. சும்மா போகும்."

அம்மா ஈரக் கையை உதறினார்.

"அந்தச் சும்மாவுலதான் அண்ணாச்சி, நாம இத்தனை பேரும் வந்து சேர்ந்தோம்."