மாற்றுச் சாவியும் காப்பீட்டுத் தாளும்

திருச்சியில் ஒரு குடியிருப்பின் மூன்றாம் மாடியில், ஒரு மேசை இழுப்பறைக்குள், ஒரு மாற்றுச் சாவி இருப்புக்கொள்ளாமல் புரண்டுகொண்டிருந்தது.

அது இழுப்பறைவாசி அல்ல. ஆறு வருஷமாக எதிர் வீட்டு வடிவக்காவின் சமையலறை ஆணியில் தொங்கியது. செலின் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போனால், பக்கவாதத்தில் படுத்திருக்கும் அவள் அப்பா லாசர் வீட்டில் தனியாக இருப்பார். அவருக்கு ஏதாவது என்றால் வடிவக்கா அந்தச் சாவியால் கதவைத் திறந்து உள்ளே வருவாள்.

போன மாதம் ஒரு நாள் அப்படி வந்தவள், மதியம் மூன்று மணிக்கும் லாசர் சாப்பிடாமல் கிடப்பதைப் பார்த்தாள். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். அத்தோடு நிறுத்தினாளா? "பெத்த அப்பனப் பட்டினி போட்டுட்டு வேலைக்குப் போறா" என்று மாடி முழுக்கச் சொல்லிவிட்டாள். அன்று மாலையே செலின் போய்ச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். இரண்டு வீட்டுக் கதவும் அதற்குப் பிறகு ஒன்றையொன்று பார்த்து முறைத்தபடி நின்றன.

"நான் கதவத்தான் தொறந்தேன். அவங்க வாயத் தொறந்ததுக்கு என்னை ஏன் இங்க போட்டு அடைக்கணும்?" என்று சாவி புலம்பாத நாளில்லை.

அதன் பக்கத்தில் வழவழவென்று ஒரு தாள் படுத்திருந்தது. வீட்டு அவசரக் காப்பீட்டுக்கான விண்ணப்பம். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு முகவர் அந்தக் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டுப் போனது. செலின் முதலில் அதை மதிக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை குளியலறைக் குழாய் வெடித்து, லாசரின் கட்டில் கால் வரை தண்ணீர் வந்தது. அவர் கத்தினார். பூட்டிய கதவுக்கு வெளியே நின்று வடிவக்காவும் கத்தினாள். மாடித் தொட்டி காலியான பிறகுதான் தண்ணீர் நின்றது. அதிலிருந்து செலின் தினம் நாலு தடவை அந்தத் தாளை எடுத்து முன்பக்கத்தைப் படிக்கிறாள், வைக்கிறாள்.

"கவலை வேண்டாம்," என்றது தாள். "குழாய், மின்சாரம், பூட்டு எதுவானாலும் ஒரே ஓர் அழைப்பு. எங்கள் ஆள் வந்து நிற்பார்."

"எவ்வளவு நேரத்துல?"

"மூன்று மணி நேரத்துக்குள்."

"எதிர் வீட்டுலேருந்து நான் பதினோரு எட்டுல வந்துருவேன்," என்றது சாவி.

"வந்து? உடைந்த குழாயை நீங்கள் மாற்றுவீர்களா?"

தாள் சொன்னதும் நியாயந்தான். வடிவக்காவுக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியும், குழாய் மாட்டத் தெரியாது.

சனிக்கிழமை மாலை செலின் தாளை எடுத்து அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்தாள். இழுப்பறையைச் சாத்த மறந்துவிட்டாள்.

"வாங்கலாமாப்பா? நாளைக்குப் பூசை முடிஞ்சதும் அந்த ஏஜென்ட் வர்றேன்னிருக்கார்."

"எனக்கென்னம்மா, தண்ணி வந்தா கட்டிலோட மெதந்துக்கிறேன்," என்றார் லாசர். அவள் சிரிக்கவில்லை. அவர் இடது கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பயந்துட்டேன் செலினு. அன்னிக்கு நெசமாவே பயந்துட்டேன்."

அவ்வளவுதான். செலின் பேனாவை எடுத்தாள். பெயர், முகவரி, வீட்டின் வயது என்று மளமளவென்று எழுதினாள். தாளைப் புரட்டினாள். பின்பக்கக் கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.

'உங்களால் கதவைத் திறக்க இயலாதபோது திறந்துவிடுபவர். பத்து நிமிடத்தில் வரக்கூடியவராக இருத்தல் வேண்டும். இக்கட்டம் காலியாக இருந்தால் விண்ணப்பம் ஏற்கப்படாது.'

"யோவ்," என்று இழுப்பறையிலிருந்து சாவி கூவியது. "இத ஏன்யா முன்னாடியே சொல்லல?"

"அது என் பின்பக்கம்," என்று தாள் முனகியது. "அங்கே யாரும் பார்ப்பதில்லை."

செலின் எழுந்து கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். தம்பி குவைத்தில். சித்தப்பா மகன் மணப்பாறையில். கூட வேலை பார்க்கும் மேரிக்கும் அதே ஷிப்ட். பத்து நிமிடத்தில் வர ஒருத்தருமில்லை. இந்த ஊரில் இருபது வருஷமாக இருக்கிறோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

சாவியை எடுத்தாள். வாசல் வரை போனாள், திரும்பினாள். மறுபடி போனாள். அவள் உள்ளங்கை வேர்வையில் சாவி நனைந்துபோனது. "போ தாயி, போ," என்று அது கெஞ்சியது. மூன்றாம் தடவை தாளும் பேனாவுமாகப் போய் எதிர்க் கதவைத் தட்டிவிட்டாள்.

வடிவக்கா கதவைப் பாதிதான் திறந்தாள். செலின் விஷயத்தைச் சொல்லிச் சாவியை நீட்டினாள்.

"எதுக்கு? மறுபடி உள்ள வந்து, மறுபடி ஒங்கிட்டப் பேச்சு வாங்கவா?"

"சாப்பாடு வெச்சுட்டுத்தான் போனேங்க்கா. டிபன் பாக்ஸ் மூடி இறுகிப்போச்சு. ஒரு கையால அவரால தொறக்க முடியல."

வடிவக்கா கதவை முழுக்கத் திறந்தாள். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க அன்னிக்கே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கணும்," என்றாள் வடிவக்கா. "செவ்வாக்கெழம அவரு கத்துறாரு, கதவு பூட்டியிருக்கு. கைய வெச்சுக்கிட்டு நிக்கிறேன். அன்னிலேருந்து எனக்குச் சோறு எறங்கல."

அவள் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். தாளில் தன் பெயரையும் போன் நம்பரையும் அவளே எழுதினாள். "நில்லு, போயிராத," என்று சொல்லி உள்ளே போனாள்.

அவள் கொண்டுவந்து நீட்டியதும் அதே வழவழப்பான தாள்தான். புருஷன் போனபின் தனியாக இருப்பவள், அது வந்த அன்றைக்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் நிரப்பி வைத்திருந்தாள். கதவைத் திறந்துவிடுபவர் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.