யாரும் வரக்கூடாத புல்வெளி

கருவாயி அந்த வரகுக்கோழிச் சேவலைக் கடைசியாகப் பார்த்தது, மன்னர் நாற்பது யானைகளோடு வந்த காலையில்தான். ஏன் வந்தார் என்று கேட்டால் சிரிப்பீர்கள். கேளுங்கள்.

வெகுகாலத்துக்கு முன், வீரசேந்தன் என்ற மன்னனின் நாட்டில் ஒரு பெரிய புல்வெளி இருந்தது. ஆடு மேய்க்கும் கருவாயிதான் அதற்குக் காவல். மழை பெய்து புல் இடுப்பளவு வளர்ந்ததும் வரகுக்கோழி என்னும் காட்டுப் பறவைகள் முட்டையிட வரும். சேவல் புல்லுக்கு மேலே பந்துபோல் எம்பும், விழும், மறுபடி எம்பும்.

மன்னர் பார்த்தார். அந்த ஆண்டு நூறு சேவல்கள். "மேலே வரும்போது மட்டும்தானே தெரிகிறது? புல்லை வெட்டுங்கள், முழுதாகப் பார்க்கலாம்" என்றார்.

"மகாராசா, புல்லுக்குள்ள இருக்கிற பெட்டைக்குத் தெரியணும்னுதான் அது எம்புது. புல்லே இல்லேன்னா எதுக்கு எம்பணும்? முட்டையை எங்கே ஒளிக்கும்?" என்றாள் கருவாயி.

"பறவை உன்னிடம் வந்து சொல்லிற்றோ?" என்றார் மந்திரி நன்னெறியார். சபை சிரித்தது. புல்லை வெட்டினார்கள்.

மறு ஆண்டு முப்பது சேவல்கள். வெயில் தாங்கவில்லை என்றார் மந்திரி. வளர்ந்த மரங்களை வேரோடு கொண்டுவந்து நட்டார்கள். அவற்றில் பருந்துகள் உட்கார்ந்து, குஞ்சுகளைப் பார்த்துப் பார்த்துத் தின்றன.

அடுத்த ஆண்டு மூன்று. ரசிக்க ஆளில்லாத ஏக்கம் என்றார் மந்திரி. கல்மண்டபம் எழுந்தது. மேளம் வந்தது.

அதற்கடுத்த ஆண்டு ஒரு சேவல், ஒரு பெட்டை. முட்டையே இல்லை. மன்னர் அழுதார், உண்மையாகவே அழுதார். காரணம் கேட்டார். பகைநாட்டுச் சதி என்றார் படைத்தலைவர். சனிப்பார்வை என்றார் சோதிடர். பறவைகளுக்கு நன்றி இல்லை என்றார் மந்திரி.

"ஒரு வருசம் அந்தப் பக்கம் யாரும் வராதீங்க, மகாராசா. அரிவாள் வேண்டாம், மேளம் வேண்டாம், நீங்களும் வேண்டாம்" என்றாள் கருவாயி.

"சரி. குஞ்சு பொரித்தால் புல்வெளி என்றைக்கும் உன் காவலில். பொரிக்காவிட்டால் ஆட்டை ஓட்டிக்கொண்டு எல்லை தாண்டிப் போய்விடு."

மரங்களை வெட்டினாள். தன் ஆடுகளையும் உள்ளே விடவில்லை. புல் வளர்ந்தது. சோடி வந்தது. நான்கு முட்டைகள். பொரிக்க இன்னும் மூன்றே நாள்.

அரண்மனையில் மன்னருக்கு ஒரு கவலை. "யாரும் போகக்கூடாது என்ற நம் ஆணை ஒழுங்காக நடக்கிறதா?"

"நேரில் போய்ப் பார்ப்பதே முறை" என்றார் மந்திரி.

நாற்பது யானைகள் புறப்பட்டன. கருவாயி குறுக்கே ஓடினாள். "மகாராசா, முட்டை இருக்கு!"

"பயப்படாதே. யாரும் வரவில்லை என்று பார்த்துவிட்டு உடனே போய்விடுவோம்."

சேவல் ஒருமுறை எம்பியது. யானைகளோடு வந்த மேளக்காரன் பழக்கத்தில் அடித்துவிட்டான். சோடி பறந்தது, திரும்பவில்லை. முட்டைகள் நான்கும் யானைத் தடத்துக்குள் நசுங்கிக் கிடந்தன. புல்வெளியில் வேறு யாரும் இல்லை என்று கண்டு மன்னர் திருப்தியோடு திரும்பினார்.

குஞ்சு பொரிக்கவில்லை அல்லவா? கருவாயி ஆடுகளை ஓட்டிக்கொண்டு எல்லை தாண்டினாள். தப்பாகக் காவல் காத்தவள் என்று மந்திரி எழுதி வைத்தார்.

ஒன்றின் மேல் ஆசை வைத்தவனுக்கு அதை விட்டு விலகி நிற்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

பார்க்க எதுவும் இல்லாததால் பிறகு அங்கே யாரும் போகவில்லை. இப்போது கல்மண்டபத்தைச் சுற்றிப் புல் இடுப்பளவு நிற்கிறது.