பவளத்தீவுக்கு இலவசப் பயணம்

முன்னொரு காலத்தில், கடலோர நாடொன்றில், ஓய்வுக்காக ஏங்கும் ராஜா ஒருவர் இருந்தார். எந்த வேலை அவரைக் களைக்க வைத்தது என்று கேட்கும் துணிச்சல் அரண்மனையில் யாருக்கும் இல்லை.

ஒருநாள் பட்டுத் தலைப்பாகை கட்டிய அந்நியன் ஒருவனைப் பிரதானி மருதவாணர் சபைக்கு அழைத்து வந்தார்.

"ஐம்பத்தாறு தேசத்து மன்னர்களில் எங்கள் பவளத்தீவுப் பிரபு தங்களைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்," என்றான் அந்நியன். "ஒரு மாதம் பளிங்கு மாளிகையில் தங்கலாம். விருந்து, ஆடல், பாடல், எல்லாம் இலவசம். ஒரு துரும்பும் கொண்டுவர வேண்டாம். தாங்கள் வந்தாலே போதும்."

பிறகு குனிந்து ராஜாவின் காதில் சொன்னான்: "முத்திரை மோதிரத்தை மட்டும் கரையில் எங்கள் மாலுமியிடம் ஒப்படைத்துவிடுங்கள். இடத்தை உறுதி செய்யத்தான். இன்று பொழுது சாய்வதற்குள் வர வேண்டும். தவறினால் பக்கத்து நாட்டு மன்னரைக் கூப்பிட்டுவிடுவார்கள்."

சிம்மாசனத்துக்குப் பின்னால் நின்ற விகடகவி அம்பலத்தாடிக்கு அது கேட்டுவிட்டது. அந்த மோதிரம் பதிந்த ஓலை எதுவானாலும் அரச கட்டளை. கஜானாவும் திறக்கும், கோட்டைக் கதவும் திறக்கும்.

"மகாராஜா, இது..." என்று ஆரம்பித்தான்.

"பொறாமை!" என்றார் மருதவாணர். "தன்னை யாரும் அழைக்கவில்லை என்ற வயிற்றெரிச்சல். வந்த விருந்தாளியை அவமதிக்கப் பார்க்கிறான், மகாராஜா."

ராஜாவின் முகம் சிவந்தது. "அம்பலத்தாடி! விருந்தாளியைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகப் பேசினாலும், என் பயணத்தைத் தடுத்தாலும், நீ இந்த நாட்டில் இருக்கக் கூடாது."

ராஜாவின் கோபத்தை அம்பலத்தாடி எத்தனையோ முறை பார்த்தவன். இந்தக் கோபத்தின் அடியில் ஒரு கெஞ்சல் இருந்தது. மனிதர் ராஜாவுக்கு மகனாகப் பிறந்ததால் ராஜாவானவர். அவரை யாரும் எதற்கும் தேர்ந்தெடுத்ததே இல்லை. அந்த ஒரு சொல்லுக்காகக் கடலைத் தாண்டத் துணிந்துவிட்டார். அதைப் பறிப்பது பாவம் என்றுகூட அம்பலத்தாடிக்குத் தோன்றியது. பறிக்காவிட்டால் நாடே போய்விடும். தவறாகப் பறித்தால் அவன் போக வேண்டும். அவனுக்கு வேறு ஊர் தெரியாது. வேறு ஊரில் தன் பேச்சுக்கு யாராவது சிரிப்பார்களா என்பதும் தெரியாது.

"தடுக்கமாட்டேன், மகாராஜா. பயண ஏற்பாட்டை நானே செய்கிறேன்," என்றான்.

உள்ளே போனதும் ராஜாவின் கிரீடத்தைக் கழற்றி வைத்தான். முத்துமாலை, கடுக்கன், கடைசியில் மோதிரத்தின் மேலும் கை வைத்தான்.

"இது என்ன கூத்து?" என்றார் ராஜா.

"விருந்தாளியின் வாக்கைக் காப்பாற்றுகிறேன், மகாராஜா. துரும்பும் வேண்டாம் என்று சபையறியச் சொன்னார். மோதிரம் என்று காதோடு சொன்னார். ஒரு பெரிய மனிதரின் வாக்கு என்று இந்த இரண்டில் எதை எடுத்துக்கொள்வது?"

ராஜா யோசித்தார். விருந்தாளி பெரிய மனிதர் அல்ல என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மோதிரம் ராணியின் பெட்டிக்குள் போயிற்று.

சாயங்காலம், ஒற்றை வேட்டியோடு ராஜா கடற்கரையில் நின்றார். பிரதானியும் பரிவாரமும் பின்னால் நின்றார்கள். அந்நியன் ராஜாவை மேலும் கீழும் பார்த்தான்.

"மோதிரம்?"

"கொண்டுவரவில்லை. நான் வந்திருக்கிறேன்," என்றார் ராஜா.

"ஒரு சின்னச் சம்பிரதாயம்தான்... சரி, முத்துமாலை?"

"இல்லை."

"கடுக்கனாவது?"

ராஜா காதைத் தொட்டுப் பார்த்தார். வெறும் காது.

படகிலிருந்த மாலுமி பொறுமையிழந்து கத்தினான். "ஏங்க, ஒண்ணுமில்லாத ஆள ஏத்திக்கிட்டுப் போயி என்ன பண்றது? ஒரு மாசத்துக்குச் சோறு வேற எவன் போடுறது? ஏறுங்க, போவலாம்!"

அந்நியன் தாவி ஏறினான். படகு நகர்ந்தது. ராஜா அசையாமல் நின்றார். அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அம்பலத்தாடி மணலைப் பார்த்தான்.

அப்போது மருதவாணர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடலுக்குள் பாய்ந்தார். "அடேய், நில்லுடா! என் தங்கக் காப்பு! துணைக்கு வர இடம் வேணும்னு காலையிலேயே குடுத்தேனேடா!"

ராஜா மெல்லத் திரும்பினார். "உம்மையுமா தேர்ந்தெடுத்தார்கள், பிரதானியாரே?"

"ஐம்பத்தாறு தேசத்துப் பிரதானிகளில் என்னைத்தான், மகாராஜா," என்றார் அவர், இடுப்பளவுத் தண்ணீரில் அழாத குறையாக.

ராஜாவின் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று எல்லோரும் பயந்தார்கள். அவரோ சிரித்தார். மணலில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"அம்பலத்தாடி, என்ன பரிசு வேண்டும், கேள். இப்போதே கழற்றிக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அதற்கும் நீதான் காரணம்."

"பத்து நாள் விடுப்பு கொடுங்கள், மகாராஜா."

"எங்கே போகப்போகிறாய்?"

"எங்கேயும் இல்லை. யாரையும் சிரிக்க வைக்காமல் வீட்டில் படுத்துக் கிடப்பேன்."

இந்த மனிதனுக்கும் களைப்பு உண்டு என்பது ராஜாவுக்கு அன்றுதான் தெரிந்தது. "அதுவரை என்னைச் சிரிக்க வைப்பது யார்?" என்றார்.

கரையேறி வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்த மருதவாணரை அம்பலத்தாடி காட்டினான். "பிரதானியார் தினமும் சபைக்கு வருவாரல்லவா, மகாராஜா? தாங்கள் அவரைப் பார்த்தாலே போதும்."

ராஜா மறுபடி சிரிக்கத் தொடங்கினார், விடுப்பும் கிடைத்தது. மறுநாள் அந்த முத்துமாலையைத் தாம்பாளத்தில் வைத்து அம்பலத்தாடியின் வீட்டுக்கு அனுப்பினார்.

அவன் மனைவி கதவைப் பாதி திறந்து அதை வாங்கிக்கொண்டாள். "மெதுவாப் பேசுங்க," என்றாள். "அவர் தூங்குறார்."