சிங்காரத்தின் படகும் அடிப் பெயிண்டும்

அலையாத்திக் காட்டை ஒட்டிய உப்பங்கழியில் சிங்காரம் என்ற மரநாய் படகு ஓட்டி வந்தது. கழியின் நடுவே ஒரு மணல் திட்டு. அதில் முயல்கள் குடியிருந்தன. மழைக்காலத்தில் திட்டை வெள்ளம் மூடிவிடும். அதற்குள் முயல்களைக் கரை சேர்ப்பது சிங்காரத்தின் பொறுப்பு. பதிலுக்குத் திட்டில் நின்ற எல்லாப் பனைகளிலும் ஏறிப் பதநீர் குடிக்கும் உரிமை அதற்கு உண்டு.

சிங்காரத்தின் மனைவி செவந்தியும் குட்டிகளும் இருந்ததும் அதே திட்டில்தான். சாய்ந்து நின்ற ஒரு பட்டுப்போன பனையின் பொந்துதான் அவர்கள் வீடு.

கோடை முடிந்ததும் சிங்காரம் படகைக் கரையில் ஏற்றிவிட்டு, ஒரு குடம் தேனுடன் முள்ளம்பன்றியின் பெயிண்ட் கடைக்குப் போனது.

"படகோட அடிக்கு ரெண்டு விதம் இருக்கு," என்றது முள்ளம்பன்றி. "ஒண்ணு கப்பலுக்கு அடிக்கிறது. விலையைக் கேட்டா மயக்கம் வரும். உங்க படகுக்கு அது தேவையும் இல்ல. இன்னொண்ணு தாமிரம் கலந்தது. தண்ணியில கொஞ்சங்கொஞ்சமா கரையும். ஒட்ட வர்றதெல்லாம் அதோடயே உதிர்ந்துடும். நீங்க கொண்டாந்த தேனுக்குள்ளயே அடங்கிடும். ரெண்டு கோட்டு அடிச்சா ஒரு வருஷத்துக்குக் கவலையில்ல."

சிங்காரம் அதைக் காதில் வாங்கவே இல்லை. அதன் கண் அலமாரியில் மின்னிய தங்க நிறப் பெயிண்டின் மேல் இருந்தது.

"அது எவ்வளவு?"

"அது மேலுக்கு அடிக்கிறதுங்க. வெறும் அழகுக்கு."

"அழகு என்ன கேவலமா? அதைக் குடு! சிவப்பும் குடு! ஒரு தகரப் பலகையும் வேணும். அதுல என் படத்தை வரைஞ்சு முகப்புல மாட்டணும். கூலிங் கிளாஸ் போட்டு, கும்பிடற மாதிரி!"

குடத்துத் தேன் முக்கால்வாசி அதிலேயே போய்விட்டது.

"அப்ப அடிக்கு?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

"இருக்கறதுலயே மலிவா ஏதாவது குடு. அடியை யாரு பாக்கப் போறா?"

மயில் வீட்டுச் சுவருக்கு அடித்தது போக மிஞ்சிய வெளிர் பச்சைப் பெயிண்ட் ஒரு டப்பா இருந்தது. முள்ளம்பன்றி தயங்கித்தான் அதை எடுத்துக் கொடுத்தது. வியாபாரி தயங்குகிற பொருளையும் சிரித்துக்கொண்டே வாங்குவதற்குத் தனித் திறமை வேண்டும். சிங்காரத்துக்கு அது நிறையவே இருந்தது.

படகைத் தண்ணீரில் இறக்கிய அன்று காடே கூடிவிட்டது. நரி நாதஸ்வரம் ஊதியது. எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித் திருஷ்டி கழித்தார்கள். கழியில் நீந்திக்கொண்டிருந்த பேச்சி என்ற நீர்நாய் மட்டும் படகின் அடியில் ஒரு முறை முங்கிப் பார்த்துவிட்டு மேலே வந்தது.

"அண்ணே, இது சுவத்துக்கு அடிக்கிற பெயிண்டாச்சே! கொட்டலசு ஏறிடுமே!"

கொட்டலசு என்பது சிறு ஓட்டுக்குள் வாழும் உப்புத் தண்ணீர்ப் பிராணி. மரத்திலோ பாறையிலோ ஒட்டினால் ஒட்டியதுதான்.

"உனக்கு வேற வேலையே இல்லையா பேச்சி? நல்ல நாளும் அதுவுமா அடியில போய்ப் பாக்கறே! மேல வந்து என் படத்தைப் பாரு!"

மறுநாளே கொட்டலசுகள் வந்து சேர்ந்தன.

"அடடா, எவ்வளவு விசாலமான இடம்! சுவத்துக்கு வெள்ளையடிச்சே குடுத்திருக்காரே!" என்றது ஒன்று.

"புண்ணியவான்! சொந்தக்காரங்களை எல்லாம் கூட்டிட்டு வா!" என்றது இன்னொன்று.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். அவர்களுடைய சொந்தக்காரர்களும் வந்தார்கள். சாயங்காலமானால் எல்லாம் சேர்ந்து, "சிங்காரம் அண்ணன் வாழ்க!" என்று கோஷம் போட்டன. படகில் உட்கார்ந்திருந்த சிங்காரத்துக்கு உடம்பு சிலிர்த்தது.

"அடியிலகூட நமக்கு ரசிகர் மன்றம் இருக்கு!" என்று பூரித்துப் போனது.

படகின் வேகம் நாளுக்கு நாள் குறைந்தது. சவாரி வந்த ஆமை, "நான் நீந்தியே போயிருப்பேனே!" என்று அலுத்துக்கொண்டது.

"பெரிய மனுஷன் ஊர்வலம் மெதுவாத்தான் போகும். உனக்கு அதெல்லாம் புரியாது," என்றது சிங்காரம்.

ஐப்பசி பிறந்தது. மூன்று நாள் விடாமல் மழை. கழி பொங்கித் திட்டின் மேல் ஏறியது. முயல்கள் ஒரு மேட்டில் நெருக்கியடித்து நின்று கத்தின. பட்டுப்போன பனையின் அடி மண்ணை வெள்ளம் அரிக்கத் தொடங்கியது. பொந்திலிருந்து குட்டிகள், "அப்பா! அப்பா!" என்று அலறியது கரை வரைக்கும் கேட்டது.

சிங்காரம் பாய்ந்து படகில் ஏறித் துடுப்புப் போட்டது. மூச்சு வாங்கியது. தோள் கழன்றுவிடும்போல வலித்தது. படகு நகர்வதாகவே இல்லை.

"டேய், இறங்குங்கடா! என் பிள்ளைங்க அங்க இருக்குடா!" என்று குனிந்து கதறியது.

"எங்களுக்கு இறங்கத் தெரியாதே அண்ணே," என்றன கொட்டலசுகள், உண்மையான வருத்தத்தோடு. "ஒட்டத்தான் தெரியும்."

சிங்காரத்துக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது பேச்சி தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியது.

"அழுது என்ன பண்றது? படகைக் கரைக்குத் திருப்புங்க, நான் தள்ளறேன். கவுத்துப் போட்டுச் சுரண்டிடலாம்!"

"சுரண்ட எங்கிட்ட என்ன இருக்கு?"

"முகப்புல பெருசா ஒரு தகரம் மாட்டியிருக்கீங்களே!"

கரையில் நின்றவர்கள் கை கொடுத்துப் படகை இழுத்துக் கவிழ்த்தார்கள். நாதஸ்வரம் கேட்க வந்த அதே கூட்டம் இப்போது அடியைப் பார்த்தது. ஒரு சாண் மரம்கூடக் கண்ணில் படவில்லை. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடச் சிங்காரத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அது தன் படத்தைப் பிடுங்கி, அதன் விளிம்பாலேயே பரபரவென்று சுரண்டியது. "வீட்டை இடிக்கிறாங்களே!" என்று கொட்டலசுகள் கொத்துக் கொத்தாக உதிர்ந்தன. சிங்காரத்தின் கையெல்லாம் ரத்தம். படத்தில் முதலில் கூலிங் கிளாஸ் போனது, பிறகு மூக்கு போனது, கடைசியில் கும்பிட்ட கையும் போய்விட்டது.

மறுபடி இறக்கியதும் படகு சீறிக்கொண்டு கிளம்பியது. முயல்களின் கழுத்தை வெள்ளம் தொட்ட நேரத்தில் சிங்காரம் அவற்றை ஏற்றி, பனையடிக்குப் போய்ச் செவந்தியையும் குட்டிகளையும் இறக்கிக்கொண்டது. படகு விலகியதும் பனை மடாரென்று சாய்ந்தது.

செவந்தி நனைந்த குட்டிகளை அணைத்தபடி, படகில் கிடந்த நசுங்கிய தகரத்தைப் பார்த்தது.

"யாருங்க இது?" என்று கேட்டது.

சிங்காரம் தகரத்தைக் காலால் ஒதுக்கிவிட்டுத் துடுப்புப் போட்டது.

அடுத்த கோடையில் அது தாமிரப் பெயிண்டை வாங்கி ரெண்டு கோட்டு அடித்தது. தேன் கொஞ்சம் மீதியும் இருந்தது. ஆனாலும் அன்றிலிருந்து, அந்தப் படகில் ஏறுவதற்கு முன்னால், "பேச்சி அக்கா, அடி எப்படி இருக்கு?" என்று கேட்காத முயலே கிடையாது.

பிறர் பார்க்கும் இடத்துக்கு வாரி இறைத்துவிட்டு, நம்மைத் தாங்கும் இடத்தில் மிச்சம் பிடிப்பவன், அவசரம் வரும்போது நகர முடியாமல் நிற்பான்.