அரக்கு உடையாத மூட்டை

முன்னொரு காலத்தில் மருதவளம் என்ற நாட்டைக் கோடைவேல் மகாராஜா என்றொருவர் ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்பதைவிட, காலையில் ஒன்றைச் சொல்லி மாலையில் அதை மாற்றிக்கொண்டிருந்தார் என்பதே சரி. போன வருஷம், "அரண்மனை மாந்தோப்பு இனி எல்லோருக்கும் பொது" என்றார். ஜனங்கள் நம்பிப் போய்ப் பறித்தார்கள். மறுநாள் மனசு மாறி, பறித்தவர்களையெல்லாம் பிடித்து உள்ளே போட்டார். அவருக்கு அது மறந்தே போனது. உள்ளே கிடந்தவர்களுக்கு மறக்குமா?

இந்த வருஷம் ஏரி வற்றியது. நெல் போட்டால் பாதியில் கருகும், வரகு என்றால் ரெண்டு மழையிலேயே தேறிவிடும் என்றார் அமைச்சர் பொறையனார். ராஜாவும் சரி என்றார். விதை வரகை ஊர் ஊராக அனுப்பும் பொறுப்பைச் சபைப் பண்டிதர் வித்யாபூஷணர் முந்திக்கொண்டு வாங்கிக்கொண்டார். பொறையனாருக்குப் பேர் வந்துவிடக் கூடாதே என்ற எரிச்சல்தான், வேறென்ன!

பண்டிதர் பதினோரு செய்யுளில் ஓர் அறிவிப்பு எழுதினார். பத்துச் செய்யுள் ராஜாவின் புகழ். பதினோராவதில் பூமாதேவியின் மடி வந்தது, பொன்மணி வந்தது, விதை என்ற சொல் மட்டும் வரவில்லை. தமுக்கு அடித்தவனுக்கே ஒன்றும் விளங்கவில்லை. போதாக்குறைக்கு ஒவ்வொரு மூட்டையின் வாயிலும் அரக்கு வைத்து, ராஜாவின் விரல் மோதிரத்தால் ராஜமுத்திரை குத்தவைத்து அனுப்பினார்.

இருபது நாள் போயிற்று. ஒரு மழையும் பெய்து ஓய்ந்தது. எந்த ஊரிலும் ஒரு மணிகூட விதைக்கவில்லை. ஒற்றன் வந்து சொன்ன சேதி அதைவிட விசித்திரம்.

"கரட்டூரில் மூட்டைகளுக்குக் கூரை போட்டிருக்கிறார்கள், மகாராஜா. முறை வைத்துக் காவல் காக்கிறார்கள். காவல்காரர்கள் எல்லோரும் பட்டினி."

"பட்டினி கிடந்துகொண்டு தானியத்துக்குக் காவலா?" ராஜா தலையைச் சொறியப் போனார். கிரீடம் தடுத்தது.

"திமிர், மகாராஜா! வேறொன்றுமில்லை" என்றார் பண்டிதர்.

ராஜாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கரட்டூர்த் தலைவி காமாயியைக் கூப்பிட்டு அனுப்பினார். "அடுத்த மழைக்குள் விதைக்காவிட்டால் உன் ஊர் நிலம் மொத்தமும் அரண்மனைக்கு. தெரிந்ததா?"

"என்னத்த வெதைக்க, மகராசா?"

"வரகை!"

"எந்த வரகை?"

"உன் ஊரில் இருக்கும் மூட்டையை!"

காமாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஐயோ, அது அரமனை மூட்டையாச்சே! எம் பிள்ளைங்க பசின்னு அழுதப்பக்கூடத் தொடலையே. ஒரு மணி கொறையாம வச்சிருக்கோம்!"

ராஜா அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் பண்டிதரைப் பார்த்தார். பண்டிதர் கூரையைப் பார்த்தார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பொறையனாருக்கு மட்டும் லேசாகப் பிடிபட்டது. முத்திரை வைத்த மூட்டை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார்.

"பண்டிதரே, இதை உடைத்து உள்ளே இருப்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மகாராஜா சம்மதிக்கிறார்."

"ஆமாம், எடுத்துக்கொள்ளும்" என்றார் ராஜா.

பண்டிதர் கையை நீட்டினார். பிறகு மெல்ல இழுத்துக்கொண்டார். "முத்திரையை உடைத்தால் கையை வெட்ட வேண்டும் என்பது சட்டம், மகாராஜா."

"நானே சொல்கிறேனே!"

"இப்போது சொல்கிறீர்கள். சாயங்காலமும் இதையே... ஓலையில் எழுதிக் கொடுத்துவிட்டால் நல்லது."



"பண்டிதருக்கே இந்தப் பயம்" என்றார் பொறையனார். "முத்திரை மூட்டை வரியாக அரண்மனைக்குப் போய்த்தான் ஜனங்கள் பார்த்திருக்கிறார்கள். அரண்மனையிலிருந்து வந்து பார்த்ததில்லை. மாந்தோப்பில் பட்டதை வேறு மறக்கவில்லை."

"எந்த மாந்தோப்பு?"

"என் வீட்டுக்காரரு ஆறு மாசம் உள்ள இருந்தாரே, மகராசா" என்றாள் காமாயி. "ரெண்டே ரெண்டு பழம்."

ராஜாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. தன் மேலேயே வெட்கப்பட்டது அன்றைக்குத்தான். "இப்போது நான் என்ன சொன்னால் நம்புவாய்?"

"சொன்னா நம்ப மாட்டோம். கோவிச்சுக்காதீங்க. அந்த முத்திர மோதிரம் அறுப்பு முடியிற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். அப்பதான் விளைஞ்சத எவனும் அரக்கு வச்சுத் தூக்கிட்டுப் போக முடியாது."

ராஜா மோதிரத்தைத் திருகினார். விட்டார். மறுபடி திருகினார். விரல் வீங்கியிருந்தது. எண்ணெய் தடவித்தான் கழன்றது.

புது அறிவிப்பின் வாசகத்தையும் காமாயியே சொன்னாள்: "மூட்டை ஒங்களது. பிரிச்சு வெதைங்க. வெளையிறதும் ஒங்களதே." அதைத் தமுக்கடித்துச் சொல்லும் வேலை பண்டிதருக்கு. ஓர் ஊரில் அவரை மறித்தே விட்டார்கள். "ஐயா, சொல்றது அம்புட்டும் புரியுதே! நெசமாவே அரமனையில இருந்துதான் வர்றீங்களா?"

ராஜாவின் விரலில் இப்போது மோதிரம் இல்லை என்று பண்டிதர் சொன்ன பிறகுதான் வழிவிட்டார்கள். அடுத்த மழைக்கு முந்தி விதைப்பு முடிந்தது.

அறுப்பு முடிந்ததும் காமாயி சபைக்கு வந்தாள். ஒரு கையில் வரகுச் சோற்றுப் பானை. முந்தானை முடிச்சில் மோதிரம்.

ராஜாவுக்கு மறுபடியும் குழப்பம். "மோதிரத்தை நீ கொண்டுவராமலே இருந்திருக்கலாமே. இது உன்னிடம் இருக்கிறவரை உனக்குப் பயமே இல்லையே?"

காமாயி முடிச்சை அவிழ்த்து மோதிரத்தை அவர் கையில் வைத்தாள்.

"நான் இப்பத் திருப்பிக் கொடுத்தாத்தானே, மகராசா, அடுத்த வருசம் கேட்டா நம்பிக் கழத்துவீங்க."